பிள்ளைகளுக்கு வேண்டியது பெற்றோரின் மாலை நேரம்

கொங்கு நாட்டுப் பெற்றோர் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவழிக்கத் தயங்குகிறவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நகையை அடகு வைத்து, சீட்டைத் தள்ளி எடுத்து, கறவை மாட்டை விற்று டெர்ம் ஃபீஸ் கட்டும் குடும்பங்கள் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் ஊருக்கு ஊர் உண்டு. நாடு முழுக்கவே நிலைமை இதுதான். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2025இல் நடத்திய கல்விக் கணக்கெடுப்பின்படி, பள்ளி மாணவர்களில் 27 சதவீதம் பேர் தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2,863 ரூபாய் செலவாகிறது என்றால், மற்ற பள்ளிகளில் 25,002 ரூபாய் ஆகிறது. ஏறக்குறைய எல்லா மாணவர்களுக்கும் இந்தப் பணம் குடும்பத்தார் கையிலிருந்தே வருகிறது. பணம் கொடுப்பதில் நம் பெற்றோர் குறை வைக்கவில்லை. பிள்ளையோடு உட்கார்ந்து, அன்றைக்குப் படித்ததைப் பற்றிப் பேசும் அரைமணி நேரம்தான் குறைகிறது. டியூஷனுக்குக் கட்டும் பணத்தைக் குறைத்தாவது இந்த நேரத்தைப் பெற்றோர் மீட்டெடுக்க வேண்டும் என்பதும், அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட தொழிற்கூடங்களும் கல்வித்துறையும் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் நம் உறுதியான கருத்து.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் பெருகிய உண்டு உறைவிடப் பள்ளிகளின் கதையிலிருந்து தொடங்குவதே நியாயம். அந்தப் பள்ளிகளைக் குறை சொல்வது எளிது. அவை ஏன் தேவைப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ரிக் வண்டியோடு வெளி மாநிலங்களுக்குப் போய் மாதக்கணக்கில் போர்வெல் போட்ட தகப்பனுக்கும், கோழிப்பண்ணையை விட்டு நகர முடியாத தாய்க்கும், பிள்ளையைக் கவனிக்க ஆளில்லாத வீட்டுக்கும் அந்த ஹாஸ்டல் ஒரு வழியாக இருந்தது. குடும்பத்தில் முதன்முதலாக மருத்துவரும் பொறியாளரும் ஆனவர்கள் அங்கிருந்து நிறையவே வந்தார்கள். ஆனால் அந்த முறை பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றையே நம்பி நின்றது. 11ஆம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு 12ஆம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு வருடமும் உருப்போட வைப்பது பல பள்ளிகளில் வழக்கமானது. 2017இல், கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த செங்கோட்டையன் பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தபோது, ரேங்க் பட்டியல் நிறுத்தப்பட்டது. 2017-18 கல்வியாண்டில் 11ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கை நீட் வழிக்கு மாறியதும் அதே 2017இல்தான். நீட் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும் தேர்வின் முன்னால், ஒரே புத்தகத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகள் திணறினார்கள். உடனே பெற்றோர் நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டினார்கள். பணம் கட்டும் இடம் மாறியது. படிப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பழக்கம் அப்படியே இருந்தது.

பெற்றோர் பங்கேற்பு என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சீட்டாவோ ஃபேன், மைக்கேல் சென் என்ற இருவர், அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. பிள்ளை நன்றாகப் படிக்கும், மேலே படிக்கும் என்று பெற்றோர் வைக்கும் நம்பிக்கைக்கும் மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு எல்லாவற்றிலும் வலுவானது. வீட்டில் கண்காணிப்பதற்கும் மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு எல்லாவற்றிலும் பலவீனமானது. கீத் ராபின்சனும் ஏஞ்சல் ஹாரிசும் அமெரிக்கக் குடும்பங்களின் பல ஆண்டுத் தரவுகளைப் புரட்டி 2014இல் எழுதிய நூலிலும், வீட்டுப்பாடத்துக்கு உதவுவது பெரும்பாலும் மதிப்பெண்ணை உயர்த்தவில்லை, சில நேரம் தாழ்த்தவும் செய்தது என்று கண்டார்கள். பள்ளியில் நடப்பதைப் பற்றிப் பிள்ளையிடம் பேசுவதும், மேற்படிப்பு உண்டு என்ற எண்ணத்தைச் சிறு வயதிலேயே ஊட்டுவதும் பயன் தந்தன. படிப்பில் பின்தங்கும் பிள்ளையைத்தானே பெற்றோர் கூடுதலாகக் கண்காணிப்பார்கள், காரணமும் விளைவும் இடம் மாறித் தெரிகிறதோ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தச் சந்தேகத்தைக் கழித்துப் பார்த்தாலும், கண்காணிப்பைக் கூட்டினால் மதிப்பெண் கூடும் என்பதற்கு அங்கே ஆதாரம் இல்லை. நம் நாட்டிலேயே பீகாரிலும் ராஜஸ்தானிலும் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ருக்மிணி பானர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட அதன் முடிவுப்படி, தாய்மார்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தியபோதும், பிள்ளையோடு சேர்ந்து செய்ய வாரந்தோறும் சிறு பயிற்சிகள் தந்தபோதும், பிள்ளைகளின் கணக்கு முன்னேறியது. முன்னேற்றம் சிறியதுதான். இருந்தாலும் படிக்காத தாயால் ஒன்றும் ஆகாது என்ற முடிவைத் திருத்த அது போதும்.

‘எங்களுக்கே எழுத்து தெரியாது, நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்க’ என்று கேட்கும் பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான்: நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பிள்ளை உங்களுக்குச் சொல்லட்டும். ‘இன்னைக்கு என்ன சாமி சொல்லிக் குடுத்தாங்க, எனக்கும் சொல்லு’ என்று கேட்டுவிட்டுக் காது கொடுத்தால் போதும். புரிந்ததை இன்னொருவருக்கு விளக்க முயலும்போதுதான் புரியாதது எது என்று பிள்ளைக்கே தெரிகிறது. இதற்கு வேண்டிய பாடக்கருவியும் வீட்டிலேயே கிடக்கிறது. பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வாங்கி வரும் சீட்டில் லிட்டர், கொழுப்பு, இதரச் சத்து, விலை எல்லாம் தசமத்தில் இருக்கின்றன. நேற்றைவிட இன்று கொழுப்பு ஏன் குறைந்தது, அதனால் எத்தனை ரூபாய் போயிற்று என்று கணக்குப் போட ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் முடியும். நாமக்கல் பண்ணையில் ஒரு அட்டைக்கு 30 முட்டை. 4,500 முட்டைக்கு எத்தனை அட்டை, இன்றைய ரேட்டுக்கு எவ்வளவு என்று தகப்பன் கேட்கலாம். திருப்பூரில் டஜன் கணக்கில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தாயின் வாரக் கூலியைப் பிள்ளை நோட்டில் எழுதிச் சரிபார்த்தால், பெருக்கல் படிந்துவிடும், தாயின் உழைப்பும் அதன் கண்ணில் படும். பால் சொசைட்டிச் சீட்டை வாசிக்கத் தெரிந்த தாய், கல்வியில் தான் ஒன்றுமில்லாதவள் என்று நினைத்துக்கொண்டிருப்பது இந்த மண்ணின் பெரிய வருத்தங்களில் ஒன்று.

இந்த நினைப்பு வந்ததற்கு ஆங்கில வழிக் கல்வியும் காரணம். வேலைவாய்ப்புக்கு ஆங்கிலம் தேவை என்று பெற்றோர் கருதுவதில் தவறில்லை. அதை நன்றாகவே கற்கட்டும். ஆனால் அறிவியலும் வரலாறும் வீட்டில் எவருக்கும் புரியாத மொழிக்குப் போய்விட்டபோது, மகளின் பாடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும் வாய்ப்பும் தாயின் கையைவிட்டுப் போனது. இதற்காகப் பள்ளியை மாற்ற வேண்டியதில்லை. சமச்சீர் கல்வி வந்ததிலிருந்து மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம்; அதே பாடம் தமிழ்ப் புத்தகத்திலும் இருக்கிறது, இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகமும் ஒரு செட் வீட்டில் இருந்தால், தாயும் மகளும் ஒரே பாடத்தை இரண்டு மொழியில் பார்க்க முடியும். இந்தப் பக்கத்து மனிதர்கள் இதற்கு அடித்தளம் போட்டு வைத்திருக்கிறார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் இன்று இயங்கும் ராமகிருஷ்ண வித்யாலயத்தை 1930இல் தொடங்கிய தி.சு. அவினாசிலிங்கம், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழி ஆக்கினார். ஈரோட்டுப் பக்கத்தில் பிறந்து அதே வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன், பெரியவர்களுக்குப் பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியமும், அடுத்துப் பிள்ளைகளுக்கென்றே பத்துத் தொகுதிகளில் இன்னொன்றும் தொகுத்தளித்தார். அவற்றின் தகவல்கள் பழையன ஆகியிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்குத் தமிழில் எதையும் விளக்கிவிடலாம் என்பதற்கு அவை இன்றும் சான்று. திருப்பூரில் குடியேறிய ஒடிய, இந்திக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்: தமிழ்ப் பள்ளியில் படித்ததைப் பிள்ளை வீட்டில் தன் மொழியில் சொல்லட்டும்.

இவ்வளவும் சரி, நேரம் எங்கே என்பதுதான் மிக வலுவான மறுப்பு. இதைத் தட்டிவிட்டுப் பெற்றோருக்குப் புத்தி சொல்வது அநியாயம். 2024-25இல் 40,000 கோடி ரூபாய்க்கும் மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்த திருப்பூரில், காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் போகும் தாய் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறாள். வீடு சேர்ந்து உலை வைப்பதற்குள் பிள்ளைக்குக் கண் சொக்குகிறது. சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூடங்களில் இரவு ஷிப்ட் ஓட்டும் தகப்பன், பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்போது தூங்கப் போகிறான். அந்தக் கூடுதல் அரை ஷிப்ட் கூலியில்தான் வாடகையும் ஸ்கூல் ஃபீசும் போகின்றன. அதை விடச் சொல்ல நமக்கு வாய் வராது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. காகிதத்தில் திரும்பப் பெற்றது சரி. தையல் மெஷின் முன்னால் அது நடைமுறையாகவே இருக்கிறது. ஆர்டர் நெருக்கடி இல்லாத மாதங்களிலாவது, பள்ளிப் பிள்ளைகள் உள்ள தொழிலாளர்களை வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஷிப்ட்டோடு, கூலி குறையாமல் வீட்டுக்கு அனுப்ப ஏற்றுமதியாளர்கள் முன்வர வேண்டும். செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். ஆனால் கல்லூரிகளையும் பள்ளிகளையும் கட்டிக் கொடுத்தே பெயர் வாங்கிய முதலாளிகளின் நாடு இது. பீளமேட்டில் சர்வஜன உயர்நிலைப் பள்ளி 1924இல் எழுந்தது மில் குடும்பத்தின் பணத்தில்தான். கட்டடம் கொடுத்த கை நேரத்தையும் கொடுக்கலாம்.

அரசின் பங்கு இன்னும் எளிது, செலவும் இல்லாதது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாடு 2022இலும் 2024இலும் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தது. ஆனால் கூட்டம் நடப்பது வேலைநாள் பிற்பகலில். பனியன் கம்பெனியில் இருக்கும் தாய் அதற்கு வர வேண்டுமென்றால் அரை நாள் கூலியை இழக்க வேண்டும். குழுக்களால் ஒன்றும் ஆகாது என்பவர்கள் உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வைக் காட்டுவார்கள். 2010இல் வெளியான அதில், குழுவைப் பற்றி ஊர் ஊராகத் தகவல் சொன்னதால் மட்டும் எந்த மாற்றமும் வரவில்லை. ஊர்த் தன்னார்வலர்கள் வாசிப்பு வகுப்பு நடத்திய இடங்களில் பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்கள். அந்த ஆய்வை நாம் ஏற்கிறோம். குழு இருக்கிறது என்று அறிவித்தால் போதாது, செய்வதற்கு ஒரு குறிப்பான வேலை வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

அப்படி ஒரு வேலை இப்போது கண்முன் நிற்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து, 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26இலிருந்து நீக்கப்பட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லதே. ஆனால் எந்தப் பழக்கத்தைத் தடுக்க அந்தத் தேர்வு வந்ததோ, அது திரும்பி வர இனி வெளியிலிருந்து தடை இல்லை. 11ஆம் வகுப்புப் பாடம் நடக்கிறதா என்று பெற்றோர் கேட்டால்தான் உண்டு. எனவே கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை மூலம் மேலாண்மைக் குழுக் கூட்டத்தைத் தொழில் நகரங்களில் ஞாயிறு காலைக்கு மாற்றட்டும். அதற்கு வரும் ஆசிரியர்களுக்கு ஈடுசெய் விடுப்பு தரட்டும். திருப்பூரில் முதலில் செய்து பார்க்கட்டும். தனியார் பள்ளிகளுக்கு இந்தச் சட்டக் குழு இல்லை. அங்கே பேரன்ட்ஸ் மீட்டிங் உண்டு, ஹாஸ்டலில் பிள்ளையைப் பார்க்கப் போகும் ஞாயிறு உண்டு. ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாமல், 11ஆம் வகுப்பு இயற்பியலில் இதுவரை எத்தனை பாடம் நடந்திருக்கிறது என்று ஆசிரியரிடமும், அதில் ஒன்றை எனக்குச் சொல் என்று பிள்ளையிடமும் கேட்கலாம்.