குறுக்கெழுத்துக்குத் துணை தேடுதல்

நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரை விடுவிப்பவர்களில் இரு கட்சியினர் உண்டு. அகராதியைக்கூடத் தொடாமல், தம் மூளையை மட்டும் நம்பிக் கட்டங்களை நிரப்புவதே முறை என்பவர்கள் ஒரு சாரார். அகராதி, அண்டை வீட்டுக்காரர், இணையம் என்று கிடைத்த துணையையெல்லாம் பற்றிக்கொண்டு நிரப்பி முடித்தால் போதும் என்பவர்கள் மறு சாரார். முதல் கட்சிக்கு இரண்டாமவர்கள் ஏமாற்றுக்காரர்கள். இரண்டாம் கட்சிக்கு முதலாமவர்கள் வீம்புக்காரர்கள். இருவரும் கேள்வியையே தவறாகப் போட்டுக்கொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது. உதவி பெறலாமா என்பதைவிட எதைப் பெறுகிறோம் என்பதே முக்கியம். விடையைப் பெறுவது ஒன்று. விடைக்குப் போகும் வழியைப் பெறுவது வேறொன்று.

துணை தேடும் வழக்கம் புதிரின் வயதையே கொண்டது. ஆர்தர் வின் அமைத்த முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் வெளியாயிற்று. 1924இல் சைமன் அண்ட் ஷுஸ்டர் பதிப்பகம் முதல் புதிர்த் தொகுப்பைப் பென்சிலோடு சேர்த்து விற்றபோது அமெரிக்காவில் அது ஒரு பித்தாகவே ஆனது. அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் மொய்த்துக்கொள்ளும் புதிர்ப் பிரியர்களால் மற்ற வாசகர்களுக்கு இடமில்லாமல் போகிறது என்று நியூயார்க் பொது நூலகம் அந்நாளில் குறைபட்டுக்கொண்டது. தூய தனிமையில் புதிரோடு மல்லுக்கட்டிய பொற்காலம் ஒன்று இருந்ததாக எண்ணுவது கற்பனையே.

ஆனால் தனியாக, விரைவாக முடிப்பதன் பெருமை மட்டும் குறையவில்லை. ‘தி டைம்ஸ்’ நாளிதழில் 1934இல் ஒரு சுவையான கடிதப் போர் நடந்தது. ஈட்டன் பள்ளித் தலைவர் தம் காலை முட்டை வேகும் நேரத்தைப் புதிரை முடிக்கும் நேரத்தால் அளக்கிறார் என்றும், அவருக்கு முட்டை அதிகம் வெந்தால் பிடிக்காது என்றும் ஆஸ்டின் சேம்பர்லின் எழுதினார். ஒற்றைக் குறிப்போடு நெடுநேரம் தலையை முட்டிக்கொள்ளும் சாமானியனுக்கு இத்தகைய செய்தி எவ்வளவு கசக்கும் என்று பி. ஜி. வுட்ஹவுஸ் பதில் எழுதினார். நான் வுட்ஹவுஸ் பக்கம். முட்டைக்காரரின் வேகம் வியப்புக்குரியதுதான்; அதிலிருந்து அடுத்தவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

மறைகுறிப்புப் புதிர்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் புதிர் இவ்வகையே. குறிப்பின் ஒரு பாதி விடையின் நேர்ப்பொருள். மறுபாதி அதே விடைக்கு எழுத்துகள் வழியாகப் போகும் பாதை. இரண்டையும் ஒட்டிய தையல் வெளியே தெரியாது. தமிழிலேயே இரண்டு குறிப்புகளை அமைத்துக் காட்டுகிறேன்.

“அழகாக விதைத்ததன் நடுவே முளைத்த பா (3)”. நேர்ப்பொருள் ‘பா’. ‘அழகாக விதைத்ததன்’ என்ற எழுத்துகளின் நடுவிலேயே ‘கவிதை’ இருக்கிறது. இன்னொன்று: “சிவா, திரும்பவும் படி (2)”. பாடத்தில் கவனமில்லாத பையனை யாரோ அதட்டுவதாகத் தோன்றும். ‘சிவா’வைத் திருப்பிப் போட்டால் ‘வாசி’; படி என்றாலும் அதுவே.

இரண்டாவது குறிப்பில் ஒருவர் சிக்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘வாசி’ என்று சொல்லிவிட்டால் இரண்டு கட்டங்கள் நிரம்பும். நாளைய புதிரில் அவர் அதே இடத்தில்தான் நிற்பார். ‘நேர்ப்பொருள் கடைசிச் சொல்லில் இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் பாதி வழி திறக்கும். அதற்கும் அசையவில்லையென்றால், ‘திரும்பவும் என்பதை மீண்டும் என்று கொள்ளாதீர்கள்’ எனலாம். இந்த வரிசையில் உதவுபவரே நல்ல துணை. முழு விடையையும் கொடுத்தே ஆக வேண்டிய நேரமும் வரும். அப்போதும் ‘ஏன்’ என்பதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மறுநாள் நாளிதழ் வெளியிடும் விடைக்கட்டத்தில் இல்லாதது இந்த ‘ஏன்’ தான்.

இதை வெறும் பொழுதுபோக்கு நாகரிகமாக நான் கருதவில்லை. தமிழ்வழியில் படித்து, பின்னாளில் ஆங்கிலத்தில் நன்றாகத் தேறிய பலர் இந்தப் புதிரை இரண்டு நாள் பார்த்துவிட்டு, ‘நம் ஆங்கிலம் இதற்குப் போதாது’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களிடம் இல்லாதது ஆங்கிலம் அன்று, குழூஉக்குறி. மாலுமி என்றால் ‘ஏ, பி’ என்ற இரண்டு எழுத்துகள் என்பதையும், இசைக்குறியீட்டு வழக்கால் ‘மென்மையாக’ என்பது ‘பி’ என்ற எழுத்தாகும் என்பதையும், ‘ஃப்ளவர்’ என்று எழுதிவிட்டுப் பூவை விட்டு ஓடும் ஆற்றைக் கருதுவார்கள் என்பதையும் எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. அப்பாவோ அலுவலக மூத்தவரோ பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு. அத்தகைய அப்பா வாய்க்காதவருக்குப் புதிர் ஒரு மதில்சுவர். சொல்லித் தர ஆள் இருந்தால் அதே சுவரில் ஒரு கதவு இருப்பது தெரியும். உதவி கேட்பதே இழிவு என்று கருதுபவர்கள், தமக்கு என்றோ யாரோ கதவைக் காட்டியதை மறந்துவிடுகிறார்கள்.

புதிராசிரியர் நம்மைத் தோற்கடிக்க விரும்புபவர் அல்லர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ‘சிமனிஸ்’ என்ற பெயரில் புதிர்கள் அமைத்த டி. எஸ். மக்நட் 1966இல் எழுதிய நூல் இந்த நேர்மைக்கு இலக்கணம் வகுத்தது. குறிப்பு திசைதிருப்பலாம்; பொய் சொல்லக் கூடாது. விடை தெரிந்தபின் வாசகர் ‘அட’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ‘அட’ வுக்காகத்தான் அவர் உழைக்கிறார். வழியறியாமல் விடையை மட்டும் எழுதிக்கொள்பவர் விதிமீறியவர் அல்லர். தமக்கென்று சமைத்த விருந்தில் இலையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்.

இயந்திரங்கள் வந்தபின் இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. 2021இல் அமெரிக்கக் குறுக்கெழுத்துப் போட்டியில் ‘டாக்டர் ஃபில்’ என்ற மென்பொருள் மனிதர்கள் அனைவரையும்விட அதிகப் புள்ளிகள் பெற்றது. இன்று கைப்பேசியில் குறிப்பைத் தட்டினால் விடை வந்து விழுகிறது. விடைக்கு இனி மதிப்பில்லை என்றே இதற்குப் பொருள். வழிக்கு மதிப்பு இருக்கிறது. அதையும் இயந்திரம் விளக்கக்கூடும். ஆனால் எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு நம்மைத் தவிக்க விட வேண்டும் என்பதை, நம்மை அறிந்த நண்பர் அளவுக்கு அது அறியுமா என்பது என் ஐயம்.

ஆன் பிராட்ஃபோர்ட் என்ற பெண்மணி 1957 முதல் தாம் விடுவித்த புதிர்களிலிருந்து சொற்களைக் கையால் குறித்து வைத்து, 1986இல் புதிர் விடுவிப்போருக்கான அகராதியாக வெளியிட்டார். ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் பல ஆண்டுகள் அமைத்த மறைகுறிப்புப் புதிர்கள், இந்த விளையாட்டு தமிழிலும் செழிக்கும் என்று காட்டின. இருவருமே வழியைப் பகிர்ந்தவர்கள். ஆகவே, சிக்கிக்கொண்டால் தயங்காமல் கேளுங்கள். கேட்கும்போது ‘விடை வேண்டாம், எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். உங்களிடம் ஒருவர் வந்து கேட்டால், தெரிந்த விடையை ஒரு நிமிடம் நாவிலேயே நிறுத்திவைத்து, முதலில் அதைச் சொல்லுங்கள்.