மாடி வீடு வாடகைக்கு

முதலியார்பேட்டையில் எங்கள் மாடி வீடு மூன்று மாதமாகக் காலி. அப்பா ஏஎஃப்டி மில்லில் உழைத்துக் கட்டியது. வாடகை வந்தால்தான் கடன் தவணை கட்ட முடியும். புரோக்கரின் முதல் கேள்வி: "எந்த ஆளுங்களுக்கு விடுவீங்க சார்?" யாருக்கும் விடுவேன் என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை.

வருகிறவர்களுக்குத் தண்ணீர், காற்று, பைக் நிறுத்த இடம் எல்லாம் பிடிக்கிறது. அட்வான்ஸ் பேசக் கீழே கூடத்துக்கு வருகிறார்கள். சுவரில் அம்பேத்கர் படம். "வீட்டுல கலந்துகிட்டு சொல்றோம்." அவ்வளவுதான்.

ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில் நான் வீடு தேடியபோது "சைவம் மட்டும்" என்று மறுத்தார்கள். (மீன்கூடை நுழையாத தெரு புதுச்சேரியில் எது?) இப்போது வீட்டுக்காரன் ஆனபிறகும் மறுக்கப்படுவது நான்தான்.

கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கரை 1917இல் பரோடாவின் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து வெளியேற்றினார்கள். தடி கண்ணுக்குத் தெரிந்தது. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955, தீண்டாமையின் பேரால் ஒருவர் ஓரிடத்தில் குடியிருப்பதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. சாதியைச் சொல்லி வீடு மறுப்பவர்மீது அதை வைத்துப் புகாராவது கொடுக்கலாம். சிரித்தபடி படியிறங்கிப் போகிறவர்மீது?

போன வாரம் அம்மா கேட்டார்: "வீடு போற வரைக்கும் படத்த உள்ரூம்ல மாட்டிக்கலாமாப்பா?" எனக்குக் கோபம் வரவில்லை. தவணைத் தேதியை நினைவில் வைத்திருப்பவர் அவர்தான்.

படத்தை எடுக்கவில்லை. வாசல் போர்டில் ஒரு வரி சேர்த்தேன்: "சாதி, மதம் கேட்கப்படாது." அதன்பிறகு புரோக்கர் என் போனை எடுப்பதில்லை.