நாரைக்குக் கால் எதுக்கு?

ஊசுட்டேரிக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்றதும் என் மனைவி கேட்டாள்: "ஏன், நம்ம மொட்டை மாடிக்குக் காக்கா வர்றதில்லையா?"

வருகிறது. வடாம் காயப் போடும் நாட்களில் மட்டும்!

ஒருவழியாகக் கிளம்பினோம். புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரி இது. பாகூர் ஏரிக்கு இரண்டாமிடம். ஒரு பகுதி புதுச்சேரியில், மறு பகுதி தமிழ்நாட்டில். தன் பங்கை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது புதுச்சேரி அரசு. பறவைகளுக்கு எல்லைத் தகராறு கிடையாது. டிபன் இங்கே, சாப்பாடு அங்கே.

மஞ்சள்மூக்கு நாரை ஒன்று அரை மணி நேரம் அசையாமல் நின்றது. "ரேஷன் க்யூவில உங்களால இப்படி நிக்க முடியுமா?" என்றாள் மனைவி. பேச்சை மாற்றினேன்.

திரும்பும் வழியில் வில்லியனூர். சுடுமண் சிற்பத்துக்குப் பேர் போன ஊர். புவிசார் குறியீடு வாங்கிய கலை. இந்த ஊர்க் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாங்கள் நுழைந்தது பட்டம், பலகை எதுவும் இல்லாத ஒரு பெரியவரின் வாசலில். வரிசையாகக் குதிரைகள், நடுவே ஒரு நாரை! அதற்குக் கால் இல்லை. முழங்கால் வரை கோரைப்புல் மாதிரி மண்ணிலேயே செய்து மறைத்திருந்தார்.

"கால் எங்கே பெரியவரே?"

"மெல்லிசாக் கால் வெச்சா மண்ணு தாங்காது சார். எங்க தாத்தா, அப்பா எல்லாம் ஐயனாருக்குக் குதிரை செஞ்சவங்க. குதிரைக் காலைப் பாருங்க, தூணு மாதிரி இருக்கும். உள்ளே கூடு. மழையோ வெயிலோ, வெட்டவெளியில நிக்கணுமில்ல? நாரைக்கு அப்படிக் கால் வெச்சா யானைக்கால் வந்த மாதிரி ஆயிடும். ஏரிக்கரையில போயி நாலு நாள் குந்திப் பார்த்தேன். தண்ணியில நிக்கிற நாரைக்கு எவன் சார் காலைப் பார்த்தான்?"

எனக்குச் சுரீரென்றது. நானும்தான் அரை மணி நேரம் பார்த்தேன்.

களிமண்ணோடு மணல் கலந்து மிதித்து, உடம்பு, கழுத்து, தலை என்று தனித்தனியாக வனைந்து ஒட்டி, நிழலில் நிதானமாகக் காயவைத்துச் சூளையில் வைக்க வேண்டுமாம். ஈரம் மிச்சமிருந்தால் சூட்டில் வெடித்துவிடும். ஆவி வெளியேற ஓட்டையும் விட வேண்டும். பரம்பரை பரம்பரையாகக் குதிரைக்குச் செய்த அதே வேலைதான், இப்போது நாரைக்கு.

"மண்ணு எங்கேருந்து வருது?" என்றாள் மனைவி.

"ஏரி மண்ணுதாம்மா. ஏரி வத்தினா எங்களுக்கு மண்ணு, ரொம்பினா பறவைக்குத் தண்ணி. ரெண்டும் மாறி மாறி நடக்கணும். ஏரியைத் தூர்த்து மனை போட்டாங்கன்னா, நெசப் பறவையும் கெடையாது, மண்ணுப் பறவையும் கெடையாது."

"பசங்க?"

"ஒருத்தன் கம்பெனிக்குப் போறான். இன்னொருத்தன் மண்ணுன்னா காத தூரம் ஓடறான்."

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, என் மனைவி பேரம் பேசாமல் காசை எடுத்துக் கொடுத்தாள்.

நாரை இப்போது எங்கள் மொட்டை மாடியில், வடாமுக்குக் காவலாக நிற்கிறது. நேற்று அதன் தலைமேலேயே ஒரு காக்கா வந்து உட்கார்ந்து வடாம் தின்றது.

"விரட்டட்டுமா?" என்றேன்.

"இருக்கட்டும். பறவை பார்க்கணும்னீங்களே, பாருங்க!"