பன்னிரண்டு நாளில் ஒன்பது தேசம்

இந்த வாரம் என் மனச்சாந்தியைக் குலைத்தது, ஐரோப்பிய யாத்திரைக்கு ஆயத்தமாகும் எதிர்வீட்டு அண்ணாச்சி, "எந்தக் கம்பெனியிலே பணம் கட்டலாம், பார்த்துச் சொல்லுங்க" என்று என் திண்ணையில் வைத்துவிட்டுப் போன விளம்பரப் புத்தகம். பன்னிரண்டு நாளில் ஒன்பது தேசங்களைத் தரிசிக்கச் செய்வதாக முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் பிரதிக்ஞை செய்துவிட்டு, விசாக் கட்டணமும் மத்தியான ஆகாரமும் டிப்ஸும் தனி என்பதைக் கடைசிப் பக்கத்தில் பொடியெழுத்தில் ஒளித்திருக்கும் அதன் சாமர்த்தியத்தை என்னென்பது! தங்கும் விடுதி நகருக்குள்ளா, புறவழிச் சாலையிலா, பிரயாணத்தை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளும்படி அண்ணாச்சிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, எரிச்சல் தீர ஏ.கே. செட்டியாரை எடுத்துக்கொண்டேன்.

மறுபடியும் அவரா என்று இப்பத்தியின் பழைய வாசகர்கள் முகஞ்சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கோட்டையூரில் 1911-ல் பிறந்து, 1937 அக்டோபர் 2-ந் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில், காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக்குவதென்று சங்கற்பம் செய்துகொண்ட அந்த மனிதர், ஏறத்தாழ லட்சம் மைல் அலைந்து, பல தேசங்களில் பலரும் எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடிச் சேர்த்து, 1940-ல் தமிழ் விளக்கத்துடன் அதை வெளியிட்டார். பிற்காலத்திலோ, தம் பிரயாணங்களை எழுதியதோடு திருப்தியடையாமல், பழைய பத்திரிகைகளில் மக்கிக் கிடந்த பிறருடைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். 'குமரி மலர்' ஆசிரியராகிய அவருடைய எழுத்தில் ஆடம்பரம் இல்லை. தம்மைப் பற்றிய பிரஸ்தாபமும் அபூர்வம். ஒரே காரியத்தை உத்தேசித்துப் புறப்பட்டதனால், இடைவழியில் எதிர்ப்பட்ட தேசங்களெல்லாம் அவருக்குத் தாமாகவே வசப்பட்டன என்பது என் அபிப்பிராயம்.

எதைப் பார்க்கப் போகிறோம் என்று அறியாதவனுக்கு எந்தக் கம்பெனியும் ஒன்றுதான். ஆயுளின் பெரும்பகுதியைச் சிவகாசி அச்சகமொன்றில் ஹைடல்பர்க் யந்திரத்தின் முன் நின்றே கழித்த நம் அண்ணாச்சியை ஜெர்மனி வரையில் அழைத்துச் சென்று, அந்த யந்திரத்துக்குப் பெயர் கொடுத்த ஊரையும், குட்டன்பர்க் காட்சிசாலை உள்ள மைன்ஸ் நகரையும் விட்டுவிட்டு, குக்கூக் கடிகாரக் கடை வாசலில் இறக்கிவிடுவதாக அந்தப் புத்தகம் பெருமையோடு அறிவிக்கிறது! ஆகையால், மைன்ஸில் அரைநாள் நிற்க எந்தக் கம்பெனி சம்மதிக்கிறதோ அதனிடம் பணம் கட்டுங்கள், அண்ணாச்சி. ஒன்றும் சம்மதிக்காவிட்டால், ஒன்பது தேசத்தில் எட்டைத் தள்ளிவிட்டு, ஜெர்மனிக்கு மட்டும் டிக்கெட் எடுக்கும்படி உங்கள் மருமகனிடம் சொல்லிவிடுங்கள்.