எழும்பூர் ரயில் நிலையத்தை ஏர்போர்ட் ஆக்க வேண்டாம்



ஒரு வாரமாக நம் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் செய்த படம். வேலையெல்லாம் முடிந்த பிறகு எழும்பூர் ரயில் நிலையம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறது. கண்ணாடிச் சுவர், நகரும் படிக்கட்டு, முகம் தெரிகிற தரை. கீழே எல்லோரும் எழுதியிருப்பது ஒரே வாக்கியம்: "சூப்பர், அப்படியே ஏர்போர்ட் மாதிரி இருக்கு!" 98 பேட்ச் பையன் ஒருவன், "சார், நீங்க மட்டும் இன்னும் லைக் போடலையே" என்று கேட்டிருக்கிறான்.

போடவில்லை. போடப் போவதும் இல்லை. ஏன் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். என் வரலாற்று வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழும்பூரைத் தொடாதே என்று சொல்ல நான் வரவில்லை. பதினோரு நடைமேடை உள்ள நிலையத்தில் பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்குவது என்னவென்று என் முழங்காலைக் கேட்டால் சொல்லும். லிஃப்ட் வேண்டும். சாய்தளம் வேண்டும். சுத்தமான கழிப்பறை வேண்டும். 2022 மே 26 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டிய ஐந்து தமிழ்நாட்டு நிலையங்களில் எழும்பூரும் ஒன்று. எழும்பூர் வேலைக்கு மட்டும் 734.91 கோடி ரூபாய். பழைய கட்டடத்தை இடிக்க மாட்டோம், பாதுகாப்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷம்.

என் கேள்வி வேறு. பாதுகாக்கப் போகிற அந்தக் கட்டடத்துக்கு இனி என்ன வேலை? புதிதாக எழும்புகிற கட்டடங்கள் யாருக்காக? எல்லா அறிவிப்பிலும் வருகிற 'பசுமை' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

அந்தச் சிவப்புக் கட்டடத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரைந்தவர் ஹென்றி இர்வின். நம் உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் மைசூர் அரண்மனையிலும் அவர் கை உண்டு. வாசலில் இருக்கும் காந்தி இர்வின் சாலையின் இர்வின் இவர் இல்லை. அவர் 1931 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட வைஸ்ராய். (தேர்வில் இரண்டு பேரையும் ஒன்றாக்கி எழுதியவர்கள் இந்தப் பதிவையும் படிப்பீர்கள் என்று தெரியும்.) கட்டியவர் பெங்களூரைச் சேர்ந்த ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை. 1905-இல் வேலை தொடங்கி, 1908 ஜூன் 11 அன்று திறந்தார்கள். செலவு 17 லட்சம்.

அன்றிலிருந்து அந்தக் கட்டடம் பார்த்ததை எண்ணிப் பாருங்கள். நீராவி இன்ஜினைப் பார்த்தது. 1931-இல் கடற்கரை தாம்பரம் மின்சார ரயிலைப் பார்த்தது. இலங்கைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட போட் மெயிலை, 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அனுப்பிக்கொண்டிருந்தது. டீசல் வந்தது. மீட்டர் கேஜ் போய் பிராட் கேஜ் வந்தது. வைகை, பல்லவன், பாண்டியன், நெல்லை, முத்துநகர் என்று தென் மாவட்டத்தின் பாதி ஜனம் சென்னையில் முதல் காலடி வைத்தது அங்கேதான். தண்டவாளத்தின் அகலமே மாறியது. கட்டடத்தை மாற்ற வேண்டி வரவில்லை.

பிள்ளைகளே, 'நீடித்த வளர்ச்சி' என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஒரு டன் சிமென்ட் செய்தால் அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. எழும்பூர் கட்டடத்தின் செங்கல்லைச் சுட்ட புகை நூறு வருடத்துக்கு முன்பே போய்விட்டது. கனமான சுவர், உயர்ந்த கூரை, காற்றுப் போக வழி. சென்னை வெயிலைக் கரண்ட் இல்லாமல் சமாளிக்கக் கட்டியது. இதன் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியை வைத்து, உள்ளே வருகிற வெயிலை விரட்ட இரவும் பகலும் ஏசி ஓட்டி, வாசலில் பசுமைக் கட்டடம் என்று பலகை மாட்டினால் அதை எப்படி நம்புவது?

"அதான் பழசை இடிக்கலையே சார்" என்பீர்கள். இடிக்காமலே ஒரு கட்டடத்தைச் சாகடிக்கலாம். முன்னால் புகைப்படம் எடுக்க நிற்க வைத்து, ஜனம் போய்வருகிற வாசலை வேறு பக்கம் மாற்றிவிட்டால் போதும். டிக்கெட் கொடுக்காத, யாரும் காத்திருக்காத, யாரையும் வழியனுப்பாத ரயில் நிலையம் வெறும் முகப்பு. பயன்படுகிற வரைதான் ஓட்டை ஒழுகினால் ஒருவர் கவனிப்பார். பூட்டி வைத்த வீடு எவ்வளவு சீக்கிரம் பாழாகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சென்னைக்கு இந்த அனுபவம் உண்டு. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. 1900-இல் கட்டி முடித்த சிவப்புக் கட்டடம். என் ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்களில் பாதி அங்கே பேரம் பேசி வாங்கியவை. 1985 மே மாதம் எரிந்துபோனது. அந்த இடத்தில் ரயில்வேக் கட்டடம் வந்தது. புறநகர் ரயிலுக்கு நீங்கள் டிக்கெட் எடுக்கிற இடம் அதுதான். மூர் மார்க்கெட்டுக்கு மிஞ்சியது வாசலில் ஒரு சின்ன மாதிரி. இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாமல் அதன் பக்கத்தில் பையை வைத்துவிட்டு நிற்கிறார்கள்.

வெளிநாட்டு உதாரணம் கேட்பவர்களுக்கு இரண்டு சொல்கிறேன். நியூயார்க்கில் 1910-இல் திறந்த பென்சில்வேனியா நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள். ரயிலைப் பூமிக்கடியில் தள்ளிவிட்டு மேலே விளையாட்டு அரங்கமும் அலுவலகமும் கட்டினார்கள். ஊரே கொதித்தது, 1965-இல் பழைய கட்டடங்களைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பயணிகள் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்று, எதிரே இருந்த பழைய தபால் நிலையத்தை ரயில் கூடமாக மாற்றி 2021-இல் திறந்தார்கள். ஒரு பழைய கட்டடத்தை இடித்த பாவத்துக்கு இன்னொரு பழைய கட்டடம்தான் கைகொடுத்தது.

லண்டன் செயின்ட் பான்கிராஸ் நிலையம் 1868-இல் திறந்தது. அதையும் இடிக்கத்தான் பார்த்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி 1967-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடம் ஆனது. 2007 முதல் பாரிஸ் போகிற அதிவேக ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது. ஒரு காலத்தில் பீர் பீப்பாய் அடுக்கிய கீழ்த்தளம் இப்போது பயணிகள் நடக்கிற இடம். பழைய கூரையின் கீழேயே புதிய ரயில் நிற்கிறது. நான் கேட்பது அவ்வளவுதான்.

அடுத்தது கார் நிறுத்தம். திட்டத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது. எழும்பூர் நிலையத்துக்கு உள்ளேயே புறநகர் ரயில் நிற்கிறது. 2018 மே மாதத்திலிருந்து மெட்ரோவும் வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் பஸ் ஓடுகிற சாலை. சென்னையிலேயே கார் இல்லாமல் வந்துசேர மிக வசதியான இடங்களில் இது ஒன்று. அங்கே அடுக்கடுக்காகக் கார் நிறுத்தக் கட்டினால், காரில் வா என்று கூப்பிடுவதாகத்தான் அர்த்தம். காந்தி இர்வின் சாலையின் நெரிசலை மாலையில் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். அந்தப் பணத்தில் பாதியை நடைபாதைக்கும், மெட்ரோவிலிருந்து நனையாமல் நடைமேடைக்குப் போகிற வழிக்கும், பஸ் நிற்கிற நிழலுக்கும் செலவழித்தால் எத்தனை பேருக்குப் பயன்!

வெள்ளைக்காரன் காலத்தில் 4-ஆவது, 5-ஆவது நடைமேடைகளுக்கு நடுவே காரை உள்ளே ஓட்டிக்கொண்டு போய் பெட்டி வாசலில் இறங்க வழி வைத்தார்கள். துரைமாருக்குக் காட்டிய அந்தக் கரிசனத்தை இன்று சக்கர நாற்காலிக்காரருக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், டயாலிசிஸுக்கு ஊரிலிருந்து வருகிறவருக்கும் காட்டுங்கள். பேட்டரி வண்டி அந்த வழியில் ஓடட்டும், இலவசமாக.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் வில்லிவாக்கத்துக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? ரயிலில் தண்ணீர் வாங்கிக் குடித்த நகரம் இது. 2015-இலும் 2023-இலும் மழையில் மூழ்கிய நகரமும் இதுவே. எழும்பூரில் எவ்வளவு பெரிய கூரை! அதில் விழுகிற மழை நிலத்தடிக்குப் போகிறதா, சாலைக்குப் போகிறதா? சென்ட்ரலில் நடைமேடைக் கூரைகளில் 1.5 மெகாவாட் சூரிய மின்தகடு போட்டு, பகல் நேர மின்தேவையை அதிலேயே சமாளிக்கிறார்கள். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பழைய கூரையை வைத்துக்கொண்டே பசுமை வேலை செய்ய முடியும் என்பதற்கு நம் ரயில்வேயே சாட்சி.

கடைசியாக, எனக்கு முக்கியமானது. புதுப்பித்த ஒரு நிலையத்துக்குப் போன வருடம் போயிருந்தேன், பெயர் வேண்டாம். அதிகாலை நாலரை மணி. தண்ணீர் பாட்டில் விற்கிற கடை ஆறு எண்ணினேன். குடிநீர்க் குழாய் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. காசு கொடுத்தால் குளிர்சாதன அறையில் சோபா. கொடுக்காதவர்கள் தரையில் துண்டை விரித்திருந்தார்கள். உட்கார பெஞ்ச் போட வேண்டிய இடத்தில் கடைகள் இருந்தன.

ஏர்போர்ட் மாதிரி என்று பெருமைப்படுகிறீர்களே, ஏர்போர்ட்டுக்குள் டிக்கெட் இல்லாமல் யாரும் நுழைய முடியாது. அங்கே பொட்டலம் பிரித்துப் புளியோதரை சாப்பிடுகிற குடும்பத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ரயில் நிலையம் என்பது முன்பதிவில்லாத பெட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து வரிசையில் நிற்கிறவர்களின் இடம். பரீட்சை எழுத முந்தின ராத்திரியே வந்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் இடம். உங்களில் பாதிப் பேர் முதல் இன்டர்வியூவுக்கு விழுப்புரத்திலிருந்து அப்படித்தான் போனீர்கள். அன்றைக்கு எழும்பூரில் உங்களை யாரும் எழுப்பி விரட்டவில்லை.

என் தங்கை மருமகன் கேட்கிறார்: "மாமா, வளர்ச்சியே வேண்டாங்கிறீங்களா? முதலீடு செய்தவங்க கடை வாடகையில்தானே பணத்தை எடுக்கணும்?" மாப்பிள்ளை, கடை இருக்கட்டும். ரயில் நிலையத்துக்குள் கடை இருந்தால் எனக்கு மறுப்பில்லை. கடைத்தெருவுக்குள் ரயில் நிலையம் இருக்கக் கூடாது. இந்தப் பணம் நம் பணம். வாடகைக் கணக்கோடு பெஞ்ச் கணக்கையும் காட்டச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1989 ரயில்வே சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, வேறு சட்டங்கள் என்ன சொன்னாலும் ரயில்வே தன் பணிக்குத் தேவையானதைக் கட்டிக்கொள்ளலாம். அவ்வளவு அதிகாரம் இருக்கிற இடத்தில் அதே அளவுக்கு வெளிப்படைத்தன்மையும் இருக்க வேண்டும். ஆகவே நாம் கேட்க வேண்டியவை:

1. வேலை முடிந்த பின் 1908 கட்டடத்தில் டிக்கெட் கவுன்டரும் காத்திருப்புக் கூடமும் இருக்குமா? பயணிகள் அந்த வாசல் வழியாகப் போய்வர முடியுமா?
2. காசு கொடுக்காமல் உட்காரக்கூடிய இருக்கை முன்பு எத்தனை, இனி எத்தனை? குடிநீர்க் குழாய் எத்தனை?
3. வேலைக்காக வெட்டிய மரம் எத்தனை, பெயர்த்து நட்டது எத்தனை, அதில் பிழைத்தது எத்தனை?
4. புதிய கட்டடங்களின் வருட மின்செலவு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள்? அதில் சூரிய ஒளியில் கிடைப்பது எவ்வளவு? மழைநீர் எங்கே போகும்?
5. கார் நிறுத்தத்துக்கு எவ்வளவு இடம், நடந்து வருகிறவருக்கு எவ்வளவு இடம்?

இந்த ஐந்தையும் அப்படியே நகலெடுத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தெற்கு ரயில்வேக்கு அனுப்புங்கள். கட்டணம் 10 ரூபாய். உங்கள் எம்.பி.க்கும் ஒரு கடிதம் போடுங்கள். வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்காகச் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்தவும் செய்தார்கள். சுவர் எழும்பிய பிறகு மாற்றுவதைவிடப் பெஞ்சும் குழாயும் வாசலும் எங்கே என்று இப்போதே கேட்பது எளிது.

ரயில்வேயில் வேலை பார்க்கிற என் மாணவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தவறாக எழுதியிருந்தால் விவரத்தோடு கீழே எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். விவரம் இல்லாமல் "சூப்பர்" என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. அது என் பழைய வழக்கம்.

பதில் வந்தவர்கள் அதை இங்கே போடுங்கள். நான் என் மனுவை நாளை காலை தபாலில் சேர்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்