வள்ளுவரை வரைந்தவர் யார்?



நேற்று தொப்பூரில் ஏறிய பஸ்ஸில் திருவள்ளுவர் படத்தைப் பார்த்ததும் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சார், வள்ளுவரை யாரு சார் போட்டோ புடிச்சது?" வகுப்பே சிரித்தது. "போட்டோ இல்லடா, வரைஞ்சது" என்றேன். "யாரு வரைஞ்சது?" என்றான். "யாரோ ஒரு ஓவியர்" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அன்று எனக்கே தெரியாது.

அவர் பெயர் கே.ஆர்.வேணுகோபால் சர்மா. வள்ளுவர் எப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. குறளைப் படித்துப் படித்தே அந்த முகத்தைக் கண்டெடுத்தார். தாடி, கொண்டை, ஒரு கையில் ஓலைச்சுவடி, மறு கையில் எழுத்தாணி. 1964இல் அந்தப் படம் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது. 1967இல் எல்லா அரசு அலுவலகங்களிலும் வைக்க ஆணை வந்தது.

இன்று வள்ளுவர் என்றாலே அந்த முகம்தான். அதைவிட ஓர் ஓவியருக்கு என்ன வெற்றி வேண்டும்? ஆனால் அந்த வெற்றியிலேயே அவர் பெயர் மறைந்துபோனது. குறளுக்குக் கீழே எழுதியவர் பெயரைப் போடச் சொல்லித் தந்த நான், படத்துக்குக் கீழே போடச் சொல்லவில்லை. என் தவறு அது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். வகுப்பில் உள்ள வள்ளுவர் படத்துக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டில் அந்தப் பெயரை எழுதி ஒட்டுங்கள். அன்று கேட்ட பையன் இதைப் படித்தால், தம்பி, பதில் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் சார், தொப்பூர்