பழைய மனையும் புதிய மாடமும்

கொழும்பு மாநகரின் நடுவிடமாகிய கோட்டைப் பகுதியில் நூறும் இருநூறும் முந்நூறும் ஆண்டு கண்ட கட்டிடங்கள் நிலைபெற வேண்டுமா, அன்றி அவற்றைச் சூழவும் அவற்றின் நிலத்திலும் வானளாவிய மாடங்கள் எழ வேண்டுமா என்னும் வினா, பொறியியலாளருக்கும் நிலவணிகருக்கும் மாத்திரம் உரியதென்று தமிழ் கற்றோர் பலர் எண்ணி ஒதுங்கியிருக்கின்றனர். அவ்வாறு ஒதுங்கியிருத்தல் தகாது என்பதே ஈண்டு யான் கூறவந்த பொருள். பழையதைப் பேணிக்கொண்டு புதியதை ஏற்கும் முறை எது என்பதை ஏட்டிலும் கல்லிலும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்தவர் நம் முன்னோர். அவர் கண்ட முறை நகருக்கும் பொருந்தும்.

முதற்கண் அவ்விடத்தின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். போர்த்துக்கேயர் அமைத்த கொழும்புக் கோட்டையை 1656இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் தம் முறைப்படி திருத்திக் கட்டினர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. துறைமுகமும் வணிகமும் பெருகவே மதில்கள் இடையூறெனக் கருதப்பட்டு, 1869ஆம் ஆண்டு தொடக்கம் இடிக்கப்பட்டன. ஒருமுறை மாணவர் சிலரை அவ்வழியே அழைத்துச் சென்றபோது, “கோட்டை, கோட்டை என்கிறார்களே, அது எங்கே ஐயா?” என்று ஒருவன் வினவினான். சொல் இருக்கின்றது, பொருள் போயிற்று என்றேன். அடுத்துள்ள புறக்கோட்டையின் பெயரும் அத்தகையதே. இல்லாத கோட்டைக்குப் புறத்தே இருக்கும் இடம் அது. மதிலை இடித்தவர்கள் அன்று மொழிந்த காரணங்களும் இன்று மாடம் எழுப்புவோர் மொழியும் காரணங்களும் பெரும்பாலும் ஒன்றே: இடம் போதாது, வணிகம் வளர்கின்றது.

கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்தின் கதை இன்னும் நுட்பமானது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அவர்களின் மனைவியார் வகுத்த அமைப்பின்படி 1857இல் அது கட்டப்பட்டது. பின்னர் அதன் உச்சியில் விளக்கு ஏற்றப்பட்டு, மாலுமிகளுக்கு வெளிச்சவீடாகவும் பயன்பட்டது. சுற்றிலும் கட்டிடங்கள் உயர்ந்து அவ்வொளியைக் கடலுக்குத் தோன்றாமல் மறைத்தமையால், 1952இல் அவ்விளக்கு ஓய்வு பெற, கடலோரத்தில் வேறொரு வெளிச்சவீடு அமைக்கப்பட்டது. கோபுரத்தின் ஒரு கல்லையேனும் எவரும் பெயர்க்கவில்லை. ஆயினும் அதன் தொழில் போயிற்று. பழங்கட்டிடத்தைக் காத்தல் அதன் கல்லையும் சுண்ணத்தையும் காத்தலோடு முடிவதில்லை, அதனைச் சூழ எழுவனவற்றின் உயரத்தை அளந்து வரையறுத்தலும் அதனுள் அடங்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, காத்தல் இயலாத காரியமன்று என்பதற்கும் அதே கோட்டையில் ஒரு சான்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய வைத்தியசாலை, தடித்த சுவர்களும் ஓட்டுக் கூரையும் நீண்ட விறாந்தைகளும் நடுவே முற்றங்களும் உடையதாய், தாழ்ந்த ஒரே நிலையில் இன்றும் நிற்கின்றது. அதற்கு அருகே 1997இல் நிறைவெய்திய உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் 39 மாடிகளோடு எழுந்திருக்கின்றன. அணித்தே இலங்கை வங்கியின் தலைமை மாடமும் உண்டு. 1996ஆம் ஆண்டு மத்திய வங்கியில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் இவ்வைத்தியசாலையும் ஊறுபட்டது. அதனை அழிந்ததாகக் கைவிடாது திருத்தி, 2011இல் கடைகளும் உணவகங்களும் உள்ள இடமாகத் திறந்தனர். நோயாளர் படுத்த கூடத்தில் இன்று உணவருந்துகின்றனரே என்று குறைகூறுவோர் உளர். யான் அங்ஙனம் கூறேன். பயன்பாடு மாறலாம்; ஆள் நடமாட்டம் அற்ற கட்டிடமே விரைவில் அழியும். கறையானும் மழையும் ஆலமரத்து வேரும் செய்யும் அழிவுக்கு எந்தச் சட்டமும் தடையாகாது.

மாடம் எழுப்புவோர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் முறையன்று. கொழும்பு மாநகரசபையின் எல்லை ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் தொழில் தேடி மக்கள் அங்கே வருகின்றனர். ஒழுகும் கூரையின்கீழ் ஒடுங்கி வாழும் குடும்பத்துக்கு, பழைமையின் அழகைப் பற்றி நாம் செய்யும் பிரசங்கத்தினும் நீர்வசதியுள்ள ஒரு வீடு பெரிது. நிலம் அகலாதவிடத்து மனை உயர்ந்தே தீரும். ஆகலான் மாடங்களே வேண்டா என்பார் சொல் ஏற்கத்தக்கதன்று. எங்கே, எவ்வளவு உயரத்தில், எதனை அடுத்து என்பனவே ஆராயத்தக்க வினாக்கள்.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் நன்னூலைத் துணைக்கு அழைப்பர். பழைய சொற்கள் வழக்கொழிவதும் புதியன வந்து சேர்வதும் குற்றமாகா என்று பவணந்தி முனிவர் கூறினார் அல்லரோ என்பது அவர் வாதம். கூறினார், மெய்யே. ஆயின் அவர் அதனைச் சொல்லிலக்கணத்திற் கூறினார். காலத்தின் இயல்பால் நிகழ்வதாகக் கூறினார். ஒருவர் தம் ஆதாயத்தின்பொருட்டு ஓர் இரவில் ஒரு சொல்லை மொழியினின்றும் நீக்கிவிட முடியாது. கட்டிடத்தையோ முடியும். அன்றியும், வழக்கொழிந்த சொல் நிகண்டிலும் உரையிலும் உறைந்து, வேண்டுவார்க்குப் பின்னும் கிடைக்கும். இடித்த சுவருக்கு நிகண்டு இல்லை. இவ்வேற்றுமையை நோக்காது சூத்திரத்தைக் கடப்பாரைக்குக் காப்பாக்குதல் இலக்கணத்துக்குச் செய்யும் இழுக்காம்.

நம் மரபு புதுக்குதலை வெறுத்ததா எனின், இல்லை. 10ஆம் நூற்றாண்டிற் சோழநாட்டிற் கண்டராதித்தரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் பழைய செங்கற் கோயில்கள் பலவற்றை நீக்கிக் கற்றளிகளாக எடுப்பித்தார். திருக்கோடிகாவிற் கோயிலைப் புதுக்கியபோது, பழைய கட்டிடத்திலிருந்த சாசனங்களைப் படியெடுத்து, இவை பழங்கல்லின் படியே என்னும் குறிப்போடு புதிய சுவரிற் பொறிக்கச் செய்தனர். இதன் நுட்பம் எண்ணத்தக்கது. முன்னோர் கொடுத்த கொடையும் அவர் பெயரும் புதிய கட்டிடத்தின் பெருமையில் மறைந்துபோகாவாறு காத்தார்கள். படியை மூலமென்று சொல்லி ஏமாற்றவும் இல்லை. கொழும்பிலும், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரம் பொன்னம்பல முதலியார் எடுப்பித்தது. அதனை அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருங்கல்லால் மீளக் கட்டினார். முன்னதினும் உறுதியும் செம்மையும் உடையதையே பின்னது ஆக்குக என்பதும், முன்னதன் நினைவை உடன்கொண்டு செல்க என்பதும் திருப்பணி மரபின் இரண்டு விதிகள். இன்று கோட்டையிலும் புறக்கோட்டையிலும் எழும் கட்டிடங்களுள் இவ்விரண்டு விதிக்கும் இயைவன எத்தனை என்று வாசகரே எண்ணிப் பார்க்க.

பிறநாட்டார் அநுபவமும் நமக்கு உதவும். நியூயோர்க் நகரில் 1910இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியாப் புகையிரத நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கினர். அதனாற் பிறந்த வருத்தமே 1965இல் அந்நகரின் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழிகோலியவற்றுள் தலையாயது. பின்னர் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேலே ஐம்பதுக்கு மேற்பட்ட மாடிகளை எழுப்ப முயன்றபோது, நகரத்தார் மறுத்தனர். 1978இல் உயர்நீதிமன்றமும் நகரத்தார் பக்கமே தீர்த்தது. உடைமையாளர் நட்டமடையாவாறு, பழங்கட்டிடத்தின் மேலே கட்டக்கூடிய உயரத்தின் உரிமையை அண்மையிலுள்ள வேறு நிலத்துக்கு மாற்றி விற்க இடமளித்தமை அங்குக் கண்ட நல்லுபாயம். சிங்கப்பூரிலோ, இடநெருக்கடி நம்மினும் பெரிது. ஆயினும் 1989இல் 10 பகுதிகளைப் பாதுகாப்பு வட்டங்களாக வர்த்தமானியில் அறிவித்தனர். சிராங்கூன் வீதியைச் சார்ந்த, தமிழர் கடைகள் நிறைந்த பகுதியும் அவற்றுள் ஒன்று. 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயில் 1973ஆம் ஆண்டு முதலே தேசிய நினைவுச்சின்னமாகப் பேணப்படுகின்றது. மாடங்களும் அங்கே குறைவில்லை.

நம் நாட்டிற் சட்டமே இல்லை என்பதற்கில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டமும், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் உண்டு. வேண்டுவன சில கூறுவேன். பேணத்தக்க கட்டிடங்களின் பட்டியல், மூன்று மொழியிலும், ஒவ்வொன்றன் வரலாற்றோடு, பாடசாலை தோறும் கிடைத்தல் வேண்டும். அவற்றைச் சூழ எழும் கட்டிடங்கள் படிப்படியாக உயர்தல் வேண்டும். தாழ்ந்த கூரையின் தோளில் நாற்பது மாடி சாய்தல் ஆகாது. பழமனை வைத்திருப்போருக்கு வரிச்சலுகையும், மேற்கூறியவாறு உயரத்தின் உரிமையை மாற்றும் வசதியும் அளித்தல் வேண்டும். காக்கும் செலவை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு அவரைப் பழித்தல் நீதியன்று. முகப்புச் சுவரை மாத்திரம் நிறுத்திவிட்டு உள்ளனைத்தையும் அழித்து மாடம் எழுப்பும் வழக்கத்தை எளிதில் அநுமதித்தல் கூடாது. அது பாயிரத்தை வைத்துக்கொண்டு நூலைக் கிழித்தெறிவதை ஒக்கும். கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் நிலமாக ஆக்கிய துறைமுக நகரம் கோட்டையின் வாயிலிலேயே இருக்கின்றது. உயர்ந்த மாடங்களுக்கு அவ்வெற்று நிலம் இருக்க, பழந்தெருக்களை நெருக்குவதற்கு முன்னரினும் நியாயம் குறைவே.

வடபால் உள்ள நமக்கு இது தலைநகரத்தார் கவலை என்று இருத்தல் இயலாது. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அணித்தே இந்தியக் கொடையால் எழுந்த 11 மாடிக் கலாசார நிலையம் 2022இல் திறக்கப்பட்டது. 2025இல் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. அதனை யான் மகிழ்வோடு வரவேற்கின்றேன். ஆயினும் நம் நகரும் மேல்நோக்கி வளரத் தொடங்கிவிட்டது என்பதற்கு அஃது அடையாளம். 1959இல் திறந்த நூலகம் 1981இல் எரிந்தபோது அடைந்த துயரை நாம் மறவோம். அது பகையால் நேர்ந்தது. ஆனால் நாற்சார் வீடுகளையும் சங்கடப்படலைகளையும் தெருவோரத் திண்ணைகளையும் இன்று இடித்துக்கொண்டிருப்போர் நாமே. நல்லூர் மந்திரிமனை நம் கண்முன்னே சிதைவுற்று நிற்கின்றது. பிறர் அழித்ததற்கு அழுகின்ற கண், நாம் அழிப்பதையும் காணுதல் வேண்டும்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்குப் பணமும் அதிகாரமும் வேண்டா. சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து அச்சேற்றியிராவிடின் நாம் இழந்திருக்கக்கூடிய நூல்களை எண்ணுக. அவ்வாறே ஒவ்வொரு பாடசாலையும் தன்னைச் சூழ்ந்த தெருக்களிலுள்ள பழமனைகளை அளந்து, படமெடுத்து, அவற்றின் வரலாற்றை முதியோரிடம் கேட்டு, தேதியிட்டு எழுதி வைக்கலாம். ஓராண்டில் ஒரு வகுப்பு ஒரு தெருவை முடித்துவிடும். இடிப்பதற்கு முன் அவ்வேட்டைக் காட்டி நியாயம் கேட்கலாம். கேட்டும் பயனில்லையாயின், எதை இழந்தோம் என்பதேனும் பின்வருவார்க்குத் தெரியும். வருகின்ற தவணையிலேயே ஒரு தெருவைத் தெரிந்துகொண்டு தொடங்குக.